பூனையும் தெள்ளுப்பூச்சியும்: ஒரு பழைய வீட்டுச் சிக்கலின் வரலாறு



சென்ற மாதம் அஸர் தொழுகைக்கு முன்பாக, மத்ரஸா மாணவன் ஒருவன் என்னிடம் வந்து தன் வெள்ளைச் சட்டையின் ஓரத்தைக் காட்டினான். கடுகளவில் ஏழெட்டுச் செம்புள்ளிகள். “ஹஜ்ரத், வீட்டுல பூனைக்குத் தெள்ளு வந்துடுச்சு. ராத்திரியெல்லாம் கடிக்குது. இந்த ரத்தத்தோட தொழுவலாமா?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அத்தா பூனைய சாக்குல போட்டு மார்க்கெட்ல விட்டுடப் போறாராம்” என்றான்.

முதற் கேள்விக்கு நம் நூல்களில் விடை ஆயத்தமாக இருக்கிறது. அவன் உண்மையில் கேட்க வந்தது இரண்டாவதை. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால், அன்று அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம்மில் பலர் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒன்றாகவே பேசுகின்றனர். உண்ணி தோலில் ஒட்டிக்கொண்டு ஊதிப் பருக்கும். தெள்ளோ பக்கவாட்டில் தட்டையான உடலும், தாவுவதற்கென அமைந்த பின்னங்கால்களும் கொண்டது. விரலுக்குச் சிக்காமல் துள்ளி மறையும். அரபியில் இதற்குப் புர்கூஸ் என்று பெயர். ஃபிக்ஹு நூல்களில் தூய்மை, தொழுகை பற்றிய பாடங்களில் இச்சொல்லை அடிக்கடி காணலாம். பாயும் படுக்கையும் கால்நடையும் உள்ள வீடுகளில் வாழ்ந்த மக்களுக்காக எழுதப்பட்ட நூல்கள் அல்லவா அவை!

இமாம் ராஃபிஈ (ரஹ்) ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) மறைந்தவர்கள். அவர்களின் ‘முஹர்ரர்’ நூலைச் சுருக்கி இமாம் நவவீ (ரஹ்) ‘மின்ஹாஜ்’ எழுதினார்கள். தெள்ளுப்பூச்சியின் இரத்தம் ஆடையில் சிறிதளவு பட்டிருந்தால் மன்னிக்கப்படும், மிகுதியாக இருந்தால் மன்னிப்பில்லை என்பது மூலநூலின் முடிவு. நவவீ அவர்கள் அதைக் குறித்துவிட்டு, அதனடியில் தம் கருத்தைத் தனியே சேர்க்கிறார்கள்: ஆய்ந்தறிந்தோரிடம் மிகச் சரியானது, சிறிதாயினும் பெரிதாயினும் மன்னிக்கப்படும் என்பதே. இரவெல்லாம் கடிபட்டவனை ஃபஜ்ருக்கு எழுந்ததும் ஆடையைத் துவைக்கப் பணிப்பது எத்தகைய சிரமம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஃபத்ஹுல் முஈன்’, ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் ஓதப்படும் நூல். அதில் ஒரு நுட்பமான வரையறை உண்டு. தானாகப் பட்ட இரத்தம் மிகுதியானாலும் மன்னிப்புண்டு. ஆடையிலேயே தெள்ளை வேண்டுமென்று நசுக்கிக் கறையாக்கிக்கொண்டால் சிறிதளவுக்கு மட்டுமே மன்னிப்பு. ஹனஃபீ மத்ஹபிலோ கேள்வியே எழாது. தெள்ளின் இரத்தம் ஓடும் இரத்தம் அன்று. ஆகவே அது நஜீஸே இல்லை. “நசுக்காதே, தட்டிவிடு, தாராளமாகத் தொழு” என்று அம்மாணவனை அனுப்பினேன்.

இனிப் பூனைக்கு வருவோம். இமாம் நவவீ மறைந்தது ஹிஜ்ரி 676 (கி.பி. 1277). அதே ஆண்டில்தான் எகிப்தையும் ஷாமையும் ஆண்ட சுல்தான் ளாஹிர் பைபர்ஸும் இறந்தார். மக்கள் மீதான வரிச்சுமையைக் கண்டித்து இமாமவர்கள் கடிதம் எழுதியது இந்தச் சுல்தானுக்குத்தான். அந்தப் பைபர்ஸ், கெய்ரோவின் வடபுறத்தில் தம் பள்ளிவாசலுக்கு அருகே இருந்த தோட்டமொன்றைப் பூனைகளின் உணவுக்கென எழுதிவைத்துவிட்டுப் போனார். மக்கள் அதைப் பூனைத் தோட்டம் என்றே அழைத்தனர்.

ஏறக்குறைய 550 ஆண்டுகள் கழித்துக் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர், 1836இல் வெளியான தம் நூலில் இதன் எஞ்சிய நிலையைப் பதிவுசெய்கிறார். தோட்டம் பலமுறை விற்கப்பட்டுக் கைமாறி, பூனைகளுக்கென ஆண்டுக்கு 15 பியாஸ்டர் மட்டுமே மிஞ்சியிருந்தது. நம்பி ஒப்படைத்த சொத்தின் கதி எல்லா ஊரிலும் இதுதான் போலும்! ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. நாள்தோறும் பிற்பகலில் காழியின் நீதிமன்ற முற்றத்துக்கு இறைச்சிக் கழிவுகள் கொண்டுவரப்பட்டு, பூனைகள் அழைத்து உணவளிக்கப்பட்டன. செலவின் பெரும்பகுதி காழியின் தலையில் விழுந்தது. வீட்டில் பூனை வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அதைத் தெருவில் எறியாமல் காழியின் முற்றத்தில் கொண்டுவந்து விட்டுச் சென்றனர் என்றும் லேன் எழுதுகிறார். அந்த மாணவனின் தந்தை எடுத்த சாக்குப்பையை எண்ணும்போது எனக்கு அந்த முற்றம்தான் நினைவுக்கு வந்தது. நம் ஊர் மார்க்கெட்டில் அப்படியொரு காழி இல்லை.

இவ்வழக்கத்தின் வேர் எதுவென்று நீங்கள் அறிவீர்கள். ஆட்டு மந்தை மேய்த்த காலத்தில் குட்டிப் பூனையொன்றோடு விளையாடியதால் அபூஹுரைரா (ரலி) அப்பெயர் பெற்றார்கள். அபூகதாதா (ரலி) உளூ நீர்ப் பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்கு வசதியாகச் சாய்த்துக் கொடுத்ததை மருமகள் கப்ஷா வியப்போடு பார்த்தபோது, பூனை அசுத்தமன்று, உங்களிடையே சுற்றித் திரிபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். பூனையை உணவின்றிக் கட்டிவைத்துச் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் குழந்தைகளுக்கும் தெரியும்.

தெள்ளைப் பற்றியும் நம் முன்னோர் எழுதாமல் விடவில்லை. பஸ்ராவின் ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் இதற்கு இடம் ஒதுக்கினார். கெய்ரோவின் தமீரீ (மறைவு ஹிஜ்ரி 808) தையல் தொழிலிலிருந்து கல்விக்கு வந்த ஷாஃபிஈ அறிஞர். உயிரினங்களை அகரவரிசையில் தொகுத்த அவரது ‘ஹயாத்துல் ஹயவான்’ தெள்ளின் இயல்பு, சட்டம், பழமொழி, கனவின் பலன் என எதையும் விடுவதில்லை. இமாம் ஸுயூத்தீ (மறைவு ஹிஜ்ரி 911) தெள்ளுக்கென்றே தனிச் சிறுநூல் எழுதினார்கள். ஒரு நபியை ஃபஜ்ருக்கு எழுப்பியதால் தெள்ளை ஏச வேண்டாம் என்றொரு செய்தி அறிவிக்கப்படுகிறது. அதன் தொடர் பலவீனமானது. தீங்கு தரும் தெள்ளைக் கொல்வதை ஃபுகஹாக்கள் தடுக்கவில்லை. நெருப்பால் எரிப்பதைத்தான் வெறுத்தார்கள்.

இத்தனை எழுதியவர்களுக்கும் தெரியாதிருந்த ஒன்று உண்டு. 1347, 1348ஆம் ஆண்டுகளில் எகிப்தைத் தாக்கிய பெருங்கொள்ளை நோய் அதன் பின்னரும் தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வந்தது. இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் தம் மகள்களையே இந்நோய்க்குப் பறிகொடுத்தவர்கள். தாவூன் பற்றி விரிவான நூல் எழுதினார்கள். அந்நோயைச் சுமந்து திரிந்தது படுக்கையில் துள்ளிய இதே இனம் என்பது அவர்கள் எவரும் அறியாதது.

அதைக் கண்டறிந்த இடம் கராச்சி. பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சீமோன், 1898 ஜூன் 2 அன்று, நோயுற்ற எலியொன்றைக் கண்ணாடிச் சாடியில் இட்டார். அதன் மேல் இருந்த தெள்ளுகள் போதாவென்று எண்ணித் தாம் தங்கிய விடுதியில் உலவிய பூனையிடமிருந்தும் சில தெள்ளுகளை எடுத்துச் சேர்த்தார். அந்த எலி சாகும் தறுவாயில், நலமுள்ள எலியொன்றைக் கம்பிவலைக் கூட்டில் வைத்து அதே சாடிக்குள் தொங்கவிட்டார். எலிகள் ஒன்றையொன்று தொடவில்லை. தெள்ளுகள் மட்டுமே தாவ முடியும். சில நாள்களில் இரண்டாவது எலியும் அதே நோயால் இறந்தது. அறிவுலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

இதைப் படித்துப் பதற வேண்டாம். கொள்ளை நோயின் முதன்மைக் காவி எலித்தெள்ளு. நம் வீட்டுப் பூனையில் இருப்பது வேறு வகை. ஆயினும் அதுவும் தீங்கற்றதன்று: தடிப்பும் அரிப்பும் தரும்; அதை விழுங்கும் பூனைக்கு, சில வேளை தவழும் குழந்தைக்கும், நாடாப்புழு உண்டாகும்.

இவ்விடத்தில் என் தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் என் வீட்டிலும் இதே தொல்லை வந்தது. நான் பூனையைக் கூடையில் வைத்து மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தேன். தொல்லை தீரும் என்று எண்ணினேன், கூடியது. என் தாயாரின் கணுக்கால் முழுதும் கடித் தழும்புகள். மூன்றாம் வாரம் மனம் பொறுக்காமல் பூனையைத் தேடிப் போனேன். கிடைக்கவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னர் விளக்கினார்: நாம் பூனை மேல் காண்பது வளர்ந்த தெள்ளுகளை மட்டுமே. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அவை உதிர்ந்து பாயிலும் விரிப்பிலும் தரை இடுக்கிலும் விழும். புழுக்கள் அங்கேயே வளர்ந்து கூடு கட்டும். கூட்டுக்குள் பல வாரங்கள், சில வேளை மாதக் கணக்கிலும் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் உணர்ந்ததும் வெளிப்படும். பூனை போய்விட்டால் அவற்றுக்கு எஞ்சுவது மனிதர் மட்டுமே.

ஆகவே வேலை பூனையிடம் பாதி, வீட்டில் பாதி. பூனைக்குப் பேன்சீப்பால் நாள்தோறும் வாரி, சீப்பைச் சோப்பு நீரில் முக்குங்கள். பிடரியில் விடும் சொட்டு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் பூனையின் எடையைச் சொல்லி வாங்குங்கள். குட்டிகளுக்குக் கேட்காமல் எதுவும் போட வேண்டாம். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றுள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். மண்ணெண்ணெய் தடவுவதும் கொடுமையே; பூனை அதை நக்கி விழுங்கும்.

வீட்டில், தலையணை உறை, போர்வை, முஸல்லா ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பாயைச் சுருட்டி வைக்காமல் உதறிக் காயவையுங்கள். கட்டிலடி, சுவரோரம், பூனை படுக்கும் மூலை ஆகியவற்றை நாள்தோறும் பெருக்கி, குப்பையை உடனே கட்டி வெளியேற்றுங்கள். வேக்யூம் கிளீனர் இருந்தால் மிக நன்று. இரண்டாம் வாரத்தில் திடீரென்று மீண்டும் தெள்ளுகள் தோன்றும். பெரும்பாலோர் மனம் தளர்ந்து பூனையைச் சபிப்பது அப்போதுதான். கூட்டுக்குள் இருந்தவை வெளிவருகின்றன, அவ்வளவே. பூனையின் மருந்தைத் தவறாமல் தொடர்ந்து, வீட்டு வேலையையும் இரண்டு மூன்று மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

மாணவனின் தந்தையை மஃரிபுக்குப் பின் சந்தித்து மீன் மார்க்கெட் கதையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தச் சொட்டு மருந்து எந்தக் கடையில கிடைக்கும் ஹஜ்ரத்?” என்று கேட்டார். இப்போது ஐந்தாம் வாரம். சட்டையில் புள்ளிகள் குறைந்துவிட்டன என்று மாணவன் சொல்கிறான். பூனைக்குச் சீப்பு மட்டும் இன்னும் பிடிக்கவில்லையாம். வாரும்போது கையைக் கீறுகிறதாம்.