தறி போக மிச்ச இடம்

ஹாலில் சோபாவை எங்கே போடுவது, டிவியை எந்தச் சுவரில் வைப்பது, சாப்பாட்டு மேஜை நடைபாதையில் இடிக்கிறதே... புது வீடு கட்டியவர்கள் எல்லோரும் புலம்பும் புலம்பல் இது. அறைகளாகத் தடுக்காமல் ஒரே பெரிய கூடமாகக் கட்டுவது இப்போதைய ஃபேஷன். ஆனால் சேலம் மாவட்டத்தில் ஓமலூர், தாரமங்கலம், ஜலகண்டாபுரம் வட்டாரத்து நெசவாளர் வீடுகளுக்கு இது புதுசே இல்லை. ஒரே கூடம். அதற்குள்ளேயே சமையல், படுக்கை, சாமி படம், பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் நடுவில் நகர்த்தவே முடியாத ஒரு சாமான். அதுதான் தறி!

நகர்த்த முடியாது என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. குழித்தறி என்ற பெயரிலேயே காரணம் இருக்கிறது. தரையில் ஒரு குழி வெட்டி, அதன் விளிம்பில் நெசவாளர் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிடுவார். மிதிக்கட்டைகள் குழிக்குள் இருக்கும். ஊடையை அடித்து நெருக்கும் பலகை மேலே இருந்து கயிற்றில் தொங்கும். ஆக, கீழே குழி, மேலே விட்டம், இரண்டும் நேராக அமைய வேண்டும். இன்றைக்கு இந்தச் சுவர் ஓரம், தீபாவளிக்கு அந்தச் சுவர் ஓரம் என்று மாற்றிப் பார்க்க இது பீரோ அல்ல.

குழிக்கு இன்னொரு பயனும் உண்டு. பருத்தி நூல் காய்ந்தால் அறும். சேலத்து வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மண் தரையும் குழியும் கொடுக்கும் லேசான ஈரம் நூலைக் காப்பாற்றும். (மழைக்காலத்தில் அதே குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோகும் என்பது வேறு விஷயம்.) வெளிச்சமும் வேண்டும். அறுந்த இழையைக் கண்டுபிடித்துப் பிணைப்பது கண் சம்பந்தப்பட்ட வேலை. அதனால் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் இருந்தால் அது தறிக்குத்தான்!

இப்போது மற்ற சாமான்களை அடுக்கிப் பாருங்கள். தறிக்கு முன்னால் பாவு நூல் நீளமாக விரிந்து கிடக்கும். அதைத் தாண்டக் கூடாது, மிதிக்கக் கூடாது. எனவே வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகும் வழி சுவரோரமாக ஒடுங்கிவிடும். கட்டிலுக்கு இடம் கிடையாது. பாய்தான், அதுவும் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தப்படும். தட்டுமுட்டுச் சாமான்கள் அட்டாலிக்கு ஏறும். குழந்தைக்கு விட்டத்தில் தூளி. தார் சுற்றும் ராட்டை, தறிக்குக் கைநீட்டும் தூரத்தில் இருக்கும், ஏனென்றால் நெய்பவருக்குத் தார் தீர்ந்துகொண்டே இருக்கும். ராட்டை சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், வயதானவர்கள். அவர்கள் உட்காரும் இடத்திலிருந்து அடுப்பையும் ஒரு கண் பார்க்க முடிய வேண்டும். எந்த இன்டீரியர் டிசைனரும் வரைந்து கொடுக்காத கணக்கு இது.

வீட்டுக்குள் அடங்காத வேலை ஒன்று உண்டு. பாவை முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவது. அதற்குத் தெருதான் இடம். சேலம், நாமக்கல் பக்கத்து நெசவு ஊர்களில் பாவடி என்று ஒரு பொது இடம் இருப்பதைப் பார்க்கலாம். பாவடித் தெரு, பாவடி மைதானம் என்றெல்லாம் பெயர் இன்னும் நிற்கிறது. கூடத்தில் கொள்ளாததை ஊரே சேர்ந்து வெளியே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

இந்த வீட்டு அமைப்பு அரசாங்கத்தின் கண்ணில் பட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் இருந்தார். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவரும் இவர்தான். கைத்தறி பிழைக்க வேண்டுமானால் நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும், நல்ல கருவி கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1906இல் சேலத்தில் அரசு நெசவுச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் கண்டுபிடித்த, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் முறையை இங்கே பரப்புவதும் நோக்கம்.

கருவி பரவியது. ஆலை பரவவில்லை. நெசவாளர்கள் அங்கே நிலையாக வேலைக்கு வரவில்லை. மணி அடித்தால் வருவது, மணி அடித்தால் போவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் மனைவி, பிள்ளைகள் உதவியோடு நெய்வதையே விரும்பினார்கள் என்று சாட்டர்டனே எழுதி வைத்திருக்கிறார். இதைச் சோம்பல் என்றோ பழமைப் பற்று என்றோ சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த ஒற்றைக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். தறியை ஆலைக்குக் கொண்டு போனால் ராட்டை வீட்டிலேயே நின்றுவிடும். தார் சுற்றிய கைகளின் உழைப்பு கூலியில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆலையில் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். தூளியை யார் ஆட்டுவது, அடுப்பை யார் பார்ப்பது என்ற கேள்வி வேறு. இடைஞ்சலாகத் தெரிந்த அந்த நெருக்கடிதான் குடும்பத்தின் வரும்படி. அரசாங்கமே தொழில் நடத்துவதை லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லியும் ஏற்காததால், 1910இல் சேலம் நெசவுச்சாலை மூடப்பட்டது.

புது நாடாவும் வீட்டுக்குள் சும்மா வரவில்லை. பழைய முறையில் நாடாவைக் கையால் தள்ளி மறுகையால் பிடிக்க வேண்டும். புதிய முறையில் துணியின் இரு பக்கமும் நாடாப் பெட்டி வேண்டும். தறி அகலமானது. வீடு அகலமாகவில்லை! சுவரோர வழி இன்னும் ஒடுங்கியது.

பிறகு பூ வேலைப்பாட்டுக்கு ஜக்கார்டு வந்தபோது உயரமும் தேவைப்பட்டது. இதே சிக்கலை பிரான்சில் லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் சந்தித்தார்கள். ஜக்கார்டு 1804இல் பிறந்த ஊர் அது. அங்கே குருவா ரூஸ் குன்றில் தறிக்கென்றே சுமார் 4 மீட்டர் உயரக் கூடங்களும் பெரிய ஜன்னல்களும் வைத்துக் கட்டினார்கள். மிஞ்சிய உயரத்தில் மரப் பரண் அமைத்து, குடும்பம் அதில் ஏறித் தூங்கியது. நம்மூர் அட்டாலியில் அண்டா குண்டான் ஏறியது, லியோனில் ஆட்களே ஏறினார்கள். வித்தியாசம் என்னவென்றால், லியோனில் தறியை அளந்து வீடு கட்டினார்கள். இங்கே தாழ்ந்த ஓட்டு வீட்டுக்குள் தறியை நுழைக்க வேண்டியிருந்தது.

இந்திய அரசு 1980களில் நெசவாளர்களுக்குத் தறிக்கூடத்தோடு சேர்ந்த வீடு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீட்டிலிருந்து தறியைப் பிரிக்கப் பார்த்து, முக்கால் நூற்றாண்டு கழித்து இரண்டையும் சேர்த்துக் கட்டவே பணம் கொடுத்தார்கள். அதற்குள் விசைத்தறி வந்துவிட்டது. மேட்டூரில் 1937இல் நீர்மின்சாரம் தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் மின்சாரம் மெல்லப் பரவ, அடுத்த தலைமுறையில் கூடத்து ஓரத்திலும் கொல்லைப்புறக் கொட்டகையிலும் மோட்டார் ஓட ஆரம்பித்தது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். இழைக்கு இழை தூசி. தூளி கட்டிய கூடத்தில் அது ஆகாது, தறி தனிக் கொட்டகைக்குப் போனது.

கைத்தறியோடு நின்ற வீடுகளில் சிலர் குழியை விட்டுச் சட்டத்தறிக்கு மாறினார்கள். கால்களோடு நிற்கும் தறி, வேண்டுமானால் கழற்றி மாட்டலாம், தரைக்கு டைல்ஸும் போடலாம். ஆனால் அது குழித்தறியைவிட உயரம், ஓடு இடிக்கும். நெய்வதையே விட்ட வீடுகளில் குழிக்கு மண் கொட்டி, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் விழும் அந்த நல்ல இடத்தில் இப்போது டிவி இருக்கிறது. பகலில் படம் தெரிய வேண்டும் என்று ஜன்னலைச் சாத்தி வைக்கிறார்கள்.