சிரியஸ்: ஒரு காவல் நாய்க்குக் கிடைத்த இறுதி மரியாதை

“நாய் நன்றியுள்ள பிராணி.” ஆசிரியர்களே, இந்த வாக்கியத்தை விடைத்தாள்களில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! மாணவர்களே, நீங்களும் எழுதியிருப்பீர்கள். எழுதுவதில் தவறில்லை. ஆனால், நாய்க்கு மனிதன் காட்டிய நன்றியும் வரலாற்றில் இருக்கிறதே, அதை நாம் எழுதுகிறோமா? நியூயார்க்கில் நடந்த ஒன்றைப் பாருங்கள்.

1993 பிப்ரவரி 26ஆம் நாள், உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் ஒரு வேனில் வைத்த குண்டு வெடித்து 6 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே பாதுகாப்பு கடுமையானது. உள்ளே வரும் வாகனங்களில் வெடிபொருள் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் வேலை சிரியஸுக்கு. இது மஞ்சள் நிற லாப்ரடார் வகை நாய். வானத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் விண்மீனின் பெயரும் சிரியஸ்தான். துறைமுக ஆணையக் காவல்துறை அதிகாரி டேவிட் லிம் அதன் பயிற்றுநர். பகலில் இருவரும் ஒன்றாக வேலை செய்வார்கள். வேலை முடிந்தால் சிரியஸ் லிம்முடைய வீட்டுக்கே போய்விடும். அவர் குடும்பத்தில் அதுவும் ஒன்று.

2001 செப்டம்பர் 11. காலை 8.46க்கு முதல் விமானம் வடக்குக் கோபுரத்தில் மோதியது. அப்போது லிம்மும் சிரியஸும் தெற்குக் கோபுரத்தின் அடித்தளத்தில் இருந்தார்கள். திரும்பி வருகிறேன் என்று சொல்லி, சிரியஸைக் கூண்டில் விட்டுவிட்டு, மக்களைக் காப்பாற்ற லிம் வடக்குக் கோபுரத்துக்கு ஓடினார்.

“ஏன் சிரியஸைக் கூடவே கூட்டிக்கொண்டு போகல?” என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வரலாறு படிப்பவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் தெற்குக் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது விமானம் மோதியது 9.03க்கு. கட்டடமே இடிந்து விழும் என்று யார் நினைத்தார்கள்? முடிவு தெரிந்த நாம், முடிவு தெரியாத ஒருவரை எடைபோடும்போது அவருக்கு அப்போது தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

9.59க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. 10.28க்கு வடக்குக் கோபுரம் சரிந்தபோது லிம் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். நடக்க முடியாமல் தவித்த ஒரு பெண்மணிக்குத் தீயணைப்பு வீரர்களோடு சேர்ந்து உதவிக்கொண்டிருந்தார். அந்தப் படிக்கட்டின் ஒரு பகுதி மட்டும் நொறுங்காமல் நின்றது. சில மணி நேரம் கழித்து அவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். சிரியஸ் வரவில்லை.

2002 ஜனவரி 22ஆம் நாள், இடிபாடுகளில் சிரியஸின் உடல் கிடைத்தது. செய்தி லிம்முக்குப் போனது. அவர் வந்தார். இயந்திரங்கள் நிறுத்தப்பட்டன. கொடி போர்த்திய உடலை அவரே முன்னின்று எடுத்துச் சென்றார். அங்கிருந்தவர்கள் வணக்கம் செலுத்தினார்கள். ‘திரும்பி வருகிறேன்’ என்ற சொல்லை நான்கு மாதம் கழித்து, அந்த வகையில்தான் அவரால் காப்பாற்ற முடிந்தது.

அதே ஏப்ரல் 24ஆம் நாள் நினைவஞ்சலி நடந்தது. பல ஊர்களிலிருந்து ஏறக்குறைய 100 காவல் நாய்கள் தங்கள் பயிற்றுநர்களோடு வந்து நின்றன. இன்று மன்ஹாட்டனில், நாய்கள் ஓடி விளையாடும் ஓர் இடத்துக்குச் சிரியஸின் பெயர் இருக்கிறது.

நியூயார்க்கில் மட்டும் அன்று 2,753 பேர் இறந்தார்கள். லிம் பணியாற்றிய காவல்துறை 37 பேரை இழந்தது. இத்தனை மனித உயிர் போனபோது ஒரு நாய்க்காக அழலாமா? அந்தக் காவலர்கள் தங்கள் தோழர்களுக்கும் அழுதார்கள், சிரியஸுக்கும் அழுதார்கள். ஒரு துக்கம் இன்னொன்றைக் குறைத்துவிடவில்லை. கூட நின்று வேலை செய்ததை இழந்தால் மனசு கணக்குப் பார்ப்பதில்லை.

மாணவர்களே, ‘கடமை’, ‘உயிர்நேயம்’, ‘சொன்ன சொல் காப்பது’ போன்ற தலைப்புகளில் இந்த நிகழ்வை எடுத்துக்காட்டாக எழுதலாம். ஆண்டையும் பெயரையும் சரியாக எழுதுங்கள். கண்ணீரைக் கூட்டி எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும், படிப்பவர் மனம் இளகிவிடும்.