குழந்தைப் பருவத் துன்புறுத்தலும் திறன்பேசி மிகைப் பயன்பாடும்

குழந்தைப் பருவத்தில் அடி, வசை, பாலியல் அத்துமீறல், புறக்கணிப்பு ஆகியவற்றுக்கு ஆளானோரிடம் பிற்காலத்தில் கட்டுப்பாடற்ற திறன்பேசிப் பயன்பாடு கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உளவியல் ஆய்வுகள் சுட்டும் ஒரு தொடர்பாகும். இதனைத் "திறன்பேசி அடிமைத்தனம்" என்பது பேச்சு வழக்கு. உலக சுகாதார அமைப்பின் 2022 இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுச் சீர்குலைவுக்கு இடமுண்டு. திறன்பேசிக்கெனத் தனி நோய் எதுவும் இல்லை. எனவே ஆய்வாளர் பலர் "சிக்கலான பயன்பாடு" என்ற சொல்லையே விரும்புகின்றனர்.

பின்னணி

வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா முதலியோர் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடத்திய ஆய்வு 1998 இல் வெளியானது. இளமைத் துயரங்களின் வகைகள் கூடக்கூட, வளர்ந்த பின் புகைத்தல், குடி, மனச்சோர்வு ஆகியனவும் கூடுவதை அது காட்டியது. திறன்பேசி பரவிய பின்னர் அதே கேள்வி அதனைக் குறித்தும் எழுந்தது. இத்துறை ஆய்வுகளில் பெரும்பங்கு சீனாவின் மாணவர்களிடையே நடந்தவை. துன்புறுத்தலை அளக்க 28 வினாக்கள் கொண்ட படிவமும், பயன்பாட்டை அளக்கத் தென்கொரியாவில் 2013 இல் வெளியான அளவுகோலும் பரவலாகக் கையாளப்படுகின்றன.

விளக்கங்கள்

அழும்போது தேற்ற வேண்டியவரே அடிப்பவராகவோ கண்டுகொள்ளாதவராகவோ இருந்தால், துயரில் மனிதரை நாடும் பழக்கம் குழந்தையிடம் வேரூன்றுவதில்லை. திறன்பேசி திட்டாது, விரட்டாது, எந்நேரமும் கிடைக்கும். டேனியல் கார்டெஃபெல்ட்-விந்தர் 2014 இல் முன்வைத்த ஈடுசெய் கோட்பாட்டின்படி, மிகைப் பயன்பாடு வாழ்வில் இல்லாத ஒன்றை இட்டு நிரப்பும் முயற்சியே. தனிமை, பதற்றம், மனச்சோர்வு ஆகியன இடைநிலைக் காரணிகளாகக் கூறப்படுகின்றன. உடலில் தழும்பு விடாத வசையும் புறக்கணிப்பும் இத்தொடர்பில் முக்கிய இடம் பெறுகின்றன. வெளியார் கண்ணில் எளிதிற் படாதவையும் இவையே.

வரம்புகள்

பெரும்பாலான ஆய்வுகள் ஒரே வேளையில் நிரப்பப்பட்ட வினாத்தாள்களையும் நினைவையும் நம்பியவை. ஆகவே ஒன்று மற்றொன்றை விளைவித்தது என நிறுவ இயலாது. வறுமை, பெற்றோரின் குடி போன்றவை இரண்டுக்கும் பொதுக் காரணமாகலாம். துன்புற்றோர் யாவரும் திறன்பேசியில் மூழ்குவதில்லை; மூழ்கியோர் யாவரும் துன்புற்றவரும் அல்லர்.

இந்தியாவில்

இந்திய நடுவண் அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007 இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களின் 12,447 குழந்தைகள் பங்கேற்றனர். ஏறத்தாழ மூவரில் இருவர் உடல்ரீதியாகவும், இருவரில் ஒருவர் உளரீதியாகவும் துன்புறுத்தப்பட்டதாக அது தெரிவித்தது. அப்பதின்மூன்றில் தமிழ்நாடு இல்லை. குழந்தைகளின் கைக்குத் திறன்பேசி வருமுன் எடுக்கப்பட்ட கணக்கு அது. பெங்களூரின் நிம்ஹான்சு நிறுவனம் தொழில்நுட்ப மிகைப் பயன்பாட்டுக்கெனத் தனி மருத்துவப் பிரிவை 2014 இல் தொடங்கியது.

பயன்படுத்தும் நேரத்தை மட்டும் கொண்டு சிக்கலை அளப்பது எங்கும் பொருந்தாது. பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடைப்பட்ட லைட்ஹவுஸ் குப்பம் போன்ற மீனவ ஊர்களை நோக்கினால் இது விளங்கும். அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் பகுதி ஆகியவற்றைக் கடலோர மீனவருக்குத் தெரிவிக்கும் செயலியை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. கடலுக்குப் போகுமுன் அதனைப் பலமுறை பார்ப்பது தொழில். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் தமிழகத்தில் பாடமும் திறன்பேசி வழியே வந்தது. பாடத்துக்காகத் தந்த கருவியையே பின்னர் அடித்துப் பறித்தால், மேற்கண்ட விளக்கங்களின்படி, பழக்கத்தின் மூல காரணமே வலுப்பெறும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009 இன் 17 ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. வீட்டில் பெற்றோர் அடிப்பதை வெளிப்படையாகத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. எனினும் குழந்தைக்குக் கொடுமை இழைப்பது இளைஞர் நீதிச் சட்டம், 2015 இன்படி குற்றமாகும். துன்புறும் குழந்தைகள் 1098 என்ற எண்ணையும், மனநல உதவி வேண்டுவோர் 14416 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.