சேஷாசலத்தின் பறவைகள்

வேங்கடமலை தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் வரையறுத்ததை நேயர்கள் அறிவார்கள். அம்மலைத்தொடரே சேஷாசலம். ஆண்டுதோறும் கோடிக்கணக்கான அடியார்கள் அதன்மீது ஏறி இறங்குகின்றனர். ஆயினும், அங்கு வாழும் பறவைகளைப் பற்றிய அறிவு நமக்குக் கிட்டிய வரலாறு அவ்வளவாக அறியப்படாதது.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் தாமஸ் ஜெர்டன். சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்து, நெல்லூரில் பணியாற்றியவர். நோயாளரைக் கவனித்த நேரம் போக எஞ்சியதெல்லாம் பறவைகளுக்கே. நெல்லூர்ப் பகுதியின் ஏனாதி மக்களிடம் பறவைகளின் பெயர்களையும் பழக்கங்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஏட்டறிவு பெறாதவர் என்று பிறர் ஒதுக்கிய அம்மக்களை ஆசிரியராகக் கொண்டதே அவருடைய சிறப்பு என்பது என் கருத்து. கிழக்குத் தொடர்ச்சி மலையின் சின்னான் ஒன்றை 1845-இல் அவர் உலகுக்கு அறிவித்தார். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று அதனை இன்று அழைக்கிறோம்.

அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முறையான ஆய்வு ஏதும் இம்மலைகளில் நடைபெறவில்லை. ஆர்தர் வெர்னே என்னும் செல்வரின் பொருளுதவியால், 1929-இல் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவை ஆய்வு தொடங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த லா பெர்சொன் காட்டில் கூடாரமிட்டுப் பறவைகளைச் சேகரித்தார். விஸ்லரும் கின்னியரும் அவற்றை ஆராய்ந்து, 1930-களில் கழகத்தின் இதழில் தொடர்ந்து எழுதினர். இப்பகுதிப் பறவையியலுக்கு அவ்வெழுத்துக்களே அடிப்படை.

மலையை ஒரே காடு என்று எண்ணுவது பிழை. தலக்கோனைப் போன்ற பள்ளத்தாக்குகளில், அருவியின் ஈரத்தை நம்பி மரங்கள் நெருங்கி நிற்கின்றன. சோலைபாடியின் குரல் அங்கேதான் கேட்கும். குளிர்காலத்தில் நீண்ட வெண்வால் அசைய அரசவால் ஈப்பிடிப்பானும் அங்கு வரும். செஞ்சந்தன மரங்கள் நிற்கும் வறண்ட சரிவுகள் காட்டுக்கோழிக்கும் மரங்கொத்திக்கும் உரியவை. இவற்றுக்கும் மேலே, பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்க, இடுக்குகளில் புதர் முளைத்த இடங்கள் உள்ளன. நம் கண்ணுக்கு அவை பாழ்நிலம். ஜெர்டனின் சின்னானுக்கோ அவையே வீடு. கொண்டையில்லாத, கூச்சம் மிகுந்த பறவை அது. பாறையிடைப் புதர்களின் கனிகளையும் பூச்சிகளையும் தின்று, ஆள் நடமாட்டம் தெரிந்ததும் மறைந்துவிடும். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

மலையடிவாரப் புதர்க்காட்டின் கதை இன்னும் வியப்பானது. ஜெர்டன் பெயர் தாங்கிய கல்குருவி 1848-இல் அறிவியலில் இடம்பெற்றது; 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தது என்றே அறிஞர் கருதினர். 1986 ஜனவரியில், சேஷாசலத்துக்கு வடக்கே, கடப்பை மாவட்டத்து ரெட்டிப்பள்ளி அருகே, உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் அதனை உயிருடன் பிடித்தார். அது இரவில் இயங்கும் பறவை. முன்னர்த் தேடியவர்களோ பகலில் தேடினர்! பின்வந்த ஆய்வாளர் நிலத்தில் மண்ணைச் சமன்செய்து, அதில் பதியும் கால்சுவடுகளைக் கொண்டு அது உலவும் இடங்களை அறிந்தனர். புதர் மிக அடர்ந்தாலும் அது தங்குவதில்லை. முற்றிலும் வெட்டப்பட்டாலும் தங்குவதில்லை. ஆடு மேய்வதும் விறகு வெட்டுவதும் அளவோடிருந்தால் அதற்குத் தீங்கில்லை. காட்டைச் சுற்றி வேலியிடுவது ஒன்றே பாதுகாப்பு என்பார்க்கு இது சற்று இடறலான செய்தி.

காப்புக்காடுகள் வந்தது பறவைக்காக அன்று. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் மரத்தைக் கருதியே இயற்றப்பட்டது. செஞ்சந்தனத்தின் நிழலில் பறவைகளும் பிழைத்தன. உயிரினங்களைக் கருதிய காப்பு நெடுங்காலம் கழித்தே வந்தது. 353 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்கா 1989-இல் அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கி, சித்தூர், கடப்பை மலைகளில் ஏறத்தாழ 4,756 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக 2010-இல் அரசு அறிவித்தது. சித்தூரிலிருந்து பிரித்துத் திருப்பதி தனி மாவட்டமானது 2022-இல்.

பூங்காவின் எல்லைக்குள் உள்ள பாறைச் சரிவுகளில் சின்னானுக்கு இன்று அச்சம் குறைவு. எல்லைக்கு வெளியே, சமவெளியில் தனித்தனியாய் நிற்கும் கற்குன்றுகளிலும் அது கூடு கட்டுகிறது. மரமில்லாத அக்குன்றுகளை எவரும் காடென்று மதிப்பதில்லை. கருங்கல்லுக்காக அவற்றை வெடிவைத்துப் பிளக்கின்றனர். வெட்டிய மரம் மீண்டும் தளிர்க்கக்கூடும்; பிளந்து லாரியில் ஏற்றப்பட்ட குன்று மீண்டும் முளைப்பதில்லை.