பயிற்சி விமான அவசரநிலை
பயிற்சி விமான அவசரநிலை என்பது, ஒற்றை எஞ்சின் கொண்ட சிறிய விமானம் பறந்துகொண்டிருக்கையில் எஞ்சின் நின்றுபோதல், தீப்பிடித்தல், மின்சாரமோ வானொலியோ பழுதாதல் போன்றவற்றால் ஆபத்து நேரும் நிலை. இதைச் சமாளிக்கும் முறைகள், மாணவர் முதன்முறை தனியாகப் பறப்பதற்கு முன்பே கற்பிக்கப்படுகின்றன.

செயல்வரிசை
முதலில் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல், அடுத்து இறங்குமிடத்தை முடிவுசெய்தல், அதன் பிறகே வானொலியில் பேசுதல் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வரிசை.

எஞ்சின் நின்றால்
எஞ்சின் நின்றாலும் விமானம் கல்லாக விழுவதில்லை, சறுக்கிப் பறக்கும். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172, ஆயிரம் அடி உயரத்திலிருந்து காற்றில்லாதபோது ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் சறுக்கும். இதற்கு அதன் பல வகைகளில் 65 நாட் (மணிக்கு 120 கி.மீ.) வேகத்தைக் காக்க வேண்டும். மூவாயிரம் அடியில் எஞ்சின் நின்றால் தரைதொட நான்கு நிமிடம் அளவே கிடைக்கும்.

இறங்குமிடத்தை நோக்கித் திரும்பிய பின், எரிபொருள் திருகு, எரிகலவை, மேக்னெட்டோ சாவி, கார்புரேட்டர் வெப்பம் ஆகியவற்றைச் சரிபார்த்து எஞ்சினை மீண்டும் இயக்க முயல்வர். பயன்பாட்டிலுள்ள அலைவரிசையிலோ 121.5 மெகாஹெர்ட்ஸிலோ ‘மேடே’ என்னும் அபாய அழைப்பை மும்முறை விடுத்து, ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்ற குறியீட்டை வைப்பர். வானொலி மட்டும் பழுதானால் 7600. தரைதொடுமுன் எரிபொருளையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவின் தாழை விடுவிப்பர். எஞ்சினில் தீப்பிடித்தால் எரிபொருளை உடனே அடைப்பர்; மீண்டும் இயக்க முயலக் கூடாது.

மேலெழுந்தவுடன் எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப முயல்வதே பேராபத்து. 45 பாகை சாய்ந்து திரும்பும்போது, இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் வேகம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிடுகிறது. ஆகவே சிறிதளவே திசைமாற்றி, முன்னால் உள்ள இடத்தில் இறங்குவதே விதி.

இடத்தேர்வு
நீளம், சமதளம், எதிர்காற்று, தடையற்ற நுழைவழி ஆகியவை பார்க்கப்படும். எடுத்துக்காட்டாக, திருப்பூர் வட்டாரம் இதற்குக் கடினமான நிலப்பரப்பு. நெருப்பெரிச்சல் போன்ற நகர்ப்புறப் பகுதிகளில் பனியன் கம்பெனிகளும் வீடுகளும் மின்கம்பிகளும் நெருங்கியுள்ளன. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள் மேலிருந்து பார்க்கத் திறந்த வெளியாகத் தெரிந்தாலும், கிளுவை வேலிகளும் வெள்வேல மரங்களும் ஓட்ட நீளத்தைக் குறைத்துவிடும். நெடுஞ்சாலை நேராக இருந்தாலும் வண்டிகள், நடுத்தடுப்பு, குறுக்குக் கம்பிகள் உள்ளதால் முதல் தேர்வாகாது.

தமிழ்நாட்டு நிகழ்வுகள்
2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா பயிற்சி விமானம், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியது. அதிலிருந்த இருவரும் உயிர்தப்பினர். மறுநாள் செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் விழுந்தது. விமானி வெளியேற்று இருக்கையால் தப்பினார். செஸ்னா போன்ற பயிற்சி விமானங்களில் அத்தகைய இருக்கை கிடையாது. விமானப்படை முன்பு பயன்படுத்திய எச்.பி.டி.-32 தீபக்கிலும் அது இல்லை. 2009இல் நேர்ந்த உயிரிழப்பு விபத்துக்குப் பின் அந்த விமானங்கள் பறப்பது நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் குடிசார் விமானங்களின் விபத்துகளை, 2012இல் அமைக்கப்பட்ட விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஆராய்கிறது. குற்றம் சாட்டுவதன்று, மீண்டும் நேராமல் தடுப்பதே அதன் விசாரணையின் நோக்கம்.