தாடை மூட்டுக்கும் ஒரு விடைக்குறிப்பு



பொதுத்தேர்வுத் தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும். ஒரே விடைக்கு நான் 3 மதிப்பெண் போடுவேன், பக்கத்து மேசைக்காரர் 5 போடுவார். அதற்காகத்தான் விடைக்குறிப்பு. எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தேய்மானம் எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கருத்து. 1957-இல் இங்கிலாந்தில் கெல்கிரென், லாரன்ஸ் இருவரும் 0 முதல் 4 வரை படிநிலை வகுத்தார்கள். ஒரே படங்களைத் தனித்தனியே பார்த்து, தாங்கள் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்றும் சோதித்தார்கள். முழங்கால், இடுப்பு, கை, கழுத்து எல்லாம் அதில் இருந்தன. தாடை மூட்டு இல்லை.

காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அசைவது அந்த மூட்டுதான். மண்டையோட்டு எலும்புகளின் நிழல் மேலே விழுவதால் சாதாரணப் படத்தில் அது தெளிவாகத் தெரியாது. 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் வந்த பிறகு உள்ளே அடுக்கடுக்காக இன்னும் தெளிவாகப் பார்க்க வழி பிறந்தது.

தாடை மூட்டுக்கென விரிவான விடைக்குறிப்பு ஒன்று 2009-இல் அமெரிக்காவில் வெளியானது. மேற்பரப்பில் அரிப்பு, எலும்பு முள், அடியில் சிறு பொள்ளல், எலும்பு முழுதும் இறுகிப்போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தேய்மானம். வெறுமனே தட்டையாகியிருந்தால் 'உறுதியில்லை'. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சி.டி.யில் தேய்மானம் தெரிந்த மூட்டுகளில் ஏறக்குறைய கால்வாசியைத்தான், வாய் முழுவதையும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது.

இதைப் படித்ததும் என் அக்கா நினைவு வந்தது. பல வருடங்களுக்கு முன் தாடை வலி என்று குழைந்த சோறு மட்டுமே சாப்பிட்டாள். எக்ஸ்ரே எடுத்தோம். "ஒன்றுமில்லை" என்றார்கள். நாங்களும் "எல்லாம் உன் மனப்பிரமை" என்றோம். பிறகு அவள் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. இன்று கேட்க அவளும் இல்லை.

நல்ல ஸ்கேனில் கூட எலும்பின் நிலையும் வலியின் அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. தேய்ந்தும் வலிக்காதவர் உண்டு, தேயாமலே துடிப்பவரும் உண்டு. அந்த மதிப்பெண் எலும்புக்கு மட்டுமே.

உங்கள் வீட்டில் யாராவது வலிக்கிறது என்றால், படத்தைக் காட்டி அவர்கள் வாயை அடைத்துவிடாதீர்கள் பிள்ளைகளே.