ஐந்து மதிப்பெண்ணும் ஒரு மலையும்

போன குடும்ப விழாவில் நம் வாலிபர் ஐக்கியம் நடத்திய பொது அறிவுப் போட்டி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கேள்வி கேட்டவன் நான். கடைசிக்கு முந்தின கேள்வி இது: "எவரெஸ்ட்தான் உலகிலேயே உயர்ந்த சிகரம் என்று கண்டுபிடித்தவர் யார்?" என் கையிலிருந்த அட்டையில் "சர் ஜார்ஜ் எவரெஸ்ட்" என்று இருந்தது. பச்சை அணி அதையே சொன்னது. நீல அணியிலிருந்து ஒரு தங்கை எழுந்து, "அவர் இல்ல அங்கிள், அதுக்கு முன்னாடியே அவர் ரிட்டயர் ஆகிட்டார்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, பச்சை அணிக்கு ஐந்து மதிப்பெண் போட்டேன். நீல அணி தோற்றது அந்த ஐந்து மதிப்பெண்ணில்தான்.

வீட்டுக்குப் போய் ஆற அமரப் படித்தபோது அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் சரியான பதில் என்ன என்று தேடப் போனவனுக்கு ஒரு பெயர் அகப்படவில்லை. ஐம்பது வருடக் கதை அகப்பட்டது. அது தொடங்கும் இடம் இமயமலை அல்ல, நம் பரங்கிமலை.

சென்னை விமான நிலையத்தில் இறங்கும்போது ஜன்னல் வழியே தெரியும் அந்தச் சின்னக் குன்றை அப்பா அம்மா உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். 1802இல் அதன் அடிவாரத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி தரையில் ஒரு நேர்கோட்டை அளந்தார். நீளம் சுமார் ஏழரை மைல். அளந்த கருவி நூறு அடி நீளமுள்ள ஒரு எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக இங்கிலாந்திலிருந்து போய், அங்கே வேண்டாம் என்று திருப்பப்பட்டு, கல்கத்தா வழியாக லாம்ப்டன் கைக்கு வந்தது அது. வெயிலில் எஃகு நீளும். எனவே சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, நானூறு தடவை நகர்த்தி நகர்த்தி அளந்தார்கள். ஏழரை மைலுக்கு 57 நாள்!

ஒரு கோட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஜிசிஎஸ்இ கணக்குப் படிப்பவர்கள் யோசித்துப் பாருங்கள். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களையும் சைன் விதியால் கண்டுபிடித்துவிடலாம். பிறகு சங்கிலி தேவையில்லை. கண்டுபிடித்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. கோணங்களை மட்டும் அளந்துகொண்டே கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம்வரை போகலாம். போனார்கள். ஆனால் முதல் கோட்டில் ஓர் அங்குலம் தவறினால் அந்தத் தவறும் கூடவே நடந்து வரும்.

இது அறிவியல் ஆர்வத்தால் மட்டும் நடந்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கம்பெனியின் கைக்குப் புது நிலம் வந்திருந்தது. வரி வாங்கவும் படை நடத்தவும் வரைபடம் வேண்டும். அந்தக் காசில்தான் லாம்ப்டன் பூமியின் வடிவத்தையே அளக்கப் பார்த்தார்.

கோணம் அளக்கும் கருவியின் பெயர் தியோடலைட். லாம்ப்டனுடையது அரை டன் எடை. லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனது. என்ன பொருள் என்று தெரிந்ததும், போர் நடந்துகொண்டிருந்தும், பிரெஞ்சுக்காரர்கள் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்படித் தப்பி வந்த கருவிக்கு ஆபத்து காத்திருந்தது தஞ்சாவூரில். காவிரிச் சமவெளியில் ஏறி நின்று பார்க்க மலை இல்லை. ஆகவே 1808இல் பெரிய கோவிலின் விமானத்துக்கு அதைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் நெளிந்துபோயிற்று. வேறொருவர் என்றால் வேலையை விட்டிருப்பார். லாம்ப்டன் ஒரு கூடாரத்துக்குள் போனார். தன் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு பலகையில் சரியான அளவில் வட்டம் வரைந்து, ஆப்பும் திருகும் வைத்து, நெளிந்த உலோகத்தை மயிரிழை மயிரிழையாகப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆனது. அந்தக் கருவி அதன்பின் பல வருடம் உழைத்தது.

லாம்ப்டன் 1823இல், வேலைக்காகப் போகும் வழியிலேயே, இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள ஹிங்கன்காட்டில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட். முன்கோபக்காரர், ஆனால் வேலையில் கண்டிப்பு. அவர் 1843இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பும்வரை அந்தச் சிகரத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை. தவளகிரிதான் உயரம் என்றார்கள், பிறகு கஞ்சன்ஜங்கா என்றார்கள்.

எவரெஸ்டுக்குப் பின் வந்தவர் ஆண்ட்ரூ வா. நேபாளம் அளவையாளர்களை உள்ளே விடவில்லை. எனவே எல்லைக்கு இப்பால், மலேரியா நிறைந்த தராய்க் காட்டோரத்தில் நின்று, நூறு மைலுக்கும் அப்பால் தெரிந்த பனிமுனைகளைக் குறிவைத்தார்கள். 1849இல் நிக்கல்சன் என்பவர் அப்படிப் பல இடங்களிலிருந்து ஒரு சிகரத்தின் கோணங்களை எடுத்தார். பிறகு காய்ச்சலில் விழுந்தார். சிகரத்துக்குப் பெயர் இல்லை, எண்தான்: பதினைந்து.

அவ்வளவு தூரத்தில் ஒளி காற்றில் வளைந்து வரும். பூமியும் வளைந்திருக்கிறது. இரண்டுக்கும் கழித்துக் கூட்டிக் கணக்குப் போட வேண்டும். அந்த வேலை செய்தவர்களின் பதவிப் பெயர் என்ன தெரியுமா? "கம்ப்யூட்டர்." அன்றைக்கு அந்தச் சொல் மனிதரைக் குறித்தது. அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1831இல் இளைஞராக வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய கணிதத் திறமையை எவரெஸ்டே வாயாரப் புகழ்ந்தார்.

1852இல் சிக்தார்தான் அந்த எண்ணைக் கண்டுபிடித்து அதிகாரியிடம் ஓடிவந்து சொன்னார் என்று சொல்வார்கள். கணக்கு நடந்தது டேராடூன் அலுவலகத்தில், சிக்தார் அப்போது கல்கத்தாவில் இருந்தார் என்று மறுப்பவர்களும் உண்டு. இரு பக்க வாதத்தையும் படித்தபின், ஒரே ஆளின் பெயரை அட்டையில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்த இரண்டு செய்திகளை நீங்கள் அறிய வேண்டும். 1843இல் டேராடூன் மாஜிஸ்திரேட், சர்வே கூலியாட்களைக் கூலியில்லாமல் தன் சுமையைத் தூக்க வைத்தார். சிக்தார் எதிர்த்து நின்றார். அதற்காக 200 ரூபாய் அபராதம் கட்டினார். இன்னொன்று: 1851இல் வந்த சர்வே கையேட்டின் முக்கியமான கணிதப் பகுதிகளை எழுதியவர் அவர், முன்னுரையும் அதைச் சொன்னது. அவர் 1870இல் இறந்தார். 1875இல் வந்த பதிப்பில் அவர் பெயர் இல்லை. அதைப் பத்திரிகையில் கண்டித்து எழுதியவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி.

இந்த முக்கோணங்களிலிருந்து இன்னொரு கண்டுபிடிப்பும் வந்தது. வட இந்தியாவில் நட்சத்திரங்களைப் பார்த்து எடுத்த அளவும் தரையில் எடுத்த அளவும் சிறிது இடித்தன. இமயமலை தன் பக்கமாகத் தூக்குக்குண்டை இழுக்கிறதோ? கணக்குப் போட்டவர் ஓர் ஊழியர்: கல்கத்தா ஆர்ச்டீக்கன் ஜான் பிராட். இவ்வளவு பெரிய மலை இழுக்க வேண்டிய அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது என்று கண்டார். மலைகளுக்கு அடியில் கனம் குறைவு, அவை ஒருவகையில் மிதக்கின்றன என்ற இன்றைய புவியியல் கருத்து அங்கேதான் துளிர்த்தது.

1856இல் வா உயரத்தை அறிவித்தார்: 29,002 அடி. இன்றைய அளவு 8,848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. உள்ளே போகாமல், நூறு மைல் தள்ளி நின்று அளந்தவர்களுக்கு முப்பது அடிதான் பிசகியது.

தன் முன்னாள் தலைவரின் பெயரை மலைக்கு வைக்கச் சொன்னவரும் வாதான். எவரெஸ்டோ வேண்டாம் என்றார். இந்திய மக்களால் தன் பெயரைச் சொல்லவும் எழுதவும் முடியாது என்றார். கேட்பாரில்லை, 1865இல் பெயர் நிலைத்தது. திபெத்தியர்கள் அதற்கு முன்பே அதைச் சோமோலுங்மா என்று அழைத்துவந்தார்கள். இன்னொரு வேடிக்கை: அவர் குடும்பத்தில் அந்தப் பெயரை "ஈவ்ரெஸ்ட்" என்றுதான் உச்சரித்தார்கள். ஆங்கிலேயர்களும் சேர்ந்தே தவறாகச் சொல்கிறோம். அவர் கல்லறை தூரத்தில் இல்லை. பிரைட்டனை ஒட்டிய ஹோவ் ஊரில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலய வளாகத்தில் இருக்கிறது. கோடைச் சுற்றுலாவில் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒரு எட்டுப் பார்த்து வரலாம்.

வேத வினாடி வினாவில் இந்தத் தொல்லை இல்லை; சந்தேகம் வந்தால் வசனத்தைத் திறந்து காட்டிவிடலாம். அடுத்த பொது அறிவுப் போட்டிக்கு அந்த அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன்: "சென்னையில் அளந்த ஒரு கோட்டுக்கும் எவரெஸ்ட் சிகரத்துக்கும் என்ன தொடர்பு?" பதில் சொல்ல இரண்டு நிமிடம் தருவேன்.

நீல அணியின் கணக்கில் ஐந்து மதிப்பெண் சேர்த்தாயிற்று. கோப்பை இன்னும் பச்சை அணித் தலைவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை வாங்கி வருவது அந்தத் தங்கையின் பாடு.